முன்சீப் கோர்ட்டில் கடன் வசூல்: டிக்ரி வரை ஒரு பாதி, டிக்ரிக்குப் பிறகு இன்னொரு பாதி

கடன் பாக்கிக்காக கோர்ட்டுக்குப் போனால் பணம் வருமா வராதா என்று கடைக்கு வருகிற யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் வழக்கு முழுக்க முடிந்துவிட்டதால் விவரமாக எழுதி வைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கைக் கேட்டு டிக்ரி, அதாவது இவ்வளவு பணம் தர வேண்டும் என்ற கோர்ட் ஆணை, கொடுக்கிற பாதி மெதுவாக நடந்தாலும் ஒழுங்காக நடக்கிறது. அந்த டிக்ரியைப் பணமாக்கிக் கொடுக்கிற பாதி சட்டப் புத்தகத்தில் பலமாக இருக்கிறது, நடைமுறையில் சோர்ந்து கிடக்கிறது. எதிராளிக்கு எங்கே என்ன சொத்து இருக்கிறது, யாரிடமிருந்து அவருக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது என்பதை நீங்கள் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோர்ட் பிடித்துக் கொடுக்கும். கொடுக்காவிட்டால் முத்திரை குத்திய அந்த டிக்ரி பீரோவில்தான் கிடக்கும்.

எங்களுக்கு பெயிண்ட், பிளம்பிங் சாமான் கடை. வீடு கட்டுகிற கான்ட்ராக்டர் ஒருவர் பல வருடமாகக் கடனுக்கு வாங்கி, பில் பணம் வரும்போது கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொண்டிருந்தவர். ஒரு கட்டத்தில் பாக்கி 2,70,000 ரூபாயில் நின்றது. அப்புறம் போனை எடுப்பதில்லை, கடைப் பக்கமே வருவதில்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு: ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் கடன்காரர் கணக்குப் பேரேட்டில் பாக்கித் தொகையை எழுதி, அதற்குக் கீழே தேதியோடு அவர் கையெழுத்தை வாங்கிவிடுவோம். கோர்ட்டில் என் வழக்கைத் தாங்கி நின்றது அந்தக் கையெழுத்துதான். சரக்கு கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு, ஆனால் அந்தக் கெடு முடிவதற்குள் கடன் பாக்கி இருக்கிறது என்று அவரே எழுத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடியும் மூன்று வருடம். காலவரையறைச் சட்டம் 18ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் தர்றேன் அண்ணே" என்று வந்த மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஆனால் பேப்பரில் ஒரு கையெழுத்து இருந்தால் வக்கீலின் முகமே தெளிவாகிவிடும்.

செலவைப் பற்றி ஊரில் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்கு கோர்ட் ஃபீஸ் முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது, 2017இல் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். எனக்கு 8,100 ரூபாய் ஆனது. ஜெயித்தால் அதுவும் செலவுத் தொகையில் சேர்ந்து எதிராளி தலையில் விழும். நடுவில் சமாதானமாகப் போனால் கட்டிய ஃபீஸைத் திரும்பக் கேட்கலாம், லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் முடித்தாலும் சரி, கோர்ட்டுக்கு வெளியே நீங்களே பேசி முடித்துக்கொண்டாலும் சரி. வெளியே பேசி முடித்தாலும் ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை, ராஜி ஆன சந்தோஷத்தில் அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வக்கீல் ஃபீஸ் ஆளுக்கு ஆள் மாறும், அதில் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் டிக்ரியைப் பணமாக்கப் போடுகிற நிறைவேற்று மனு (இ.பி.) கட்டத்துக்குத் தனி ஃபீஸ் உண்டா இல்லையா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், அநேகமாக உண்டு.

தொகையையும் கவனிக்க வேண்டும். வியாபார பாக்கி 3 லட்சத்தைத் தொட்டுவிட்டால் அது வணிக நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே வழக்குப் போடுவதற்கு முன்பே சமரச மையத்துக்குப் போயாக வேண்டும், அவசர இடைக்கால உத்தரவு கேட்டால் மட்டும்தான் விலக்கு. என் பாக்கி அதற்குக் கீழே இருந்ததால் நேராக முன்சீப் கோர்ட். நீங்கள் சரக்கை நீங்களே தயாரித்து விற்கிற சிறு தொழில் பதிவு உள்ளவர் என்றால் அதற்கென்று இருக்கிற தாமதப் பணக் கவுன்சிலை முதலில் பாருங்கள், அங்கே வட்டி கூட்டு வட்டியாக, வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு. எங்களைப் போல வாங்கி விற்கிறவர்களுக்கு அந்தப் பாதை கிடையாது.

டிக்ரி வரை நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிராது, அதாவது வழக்கு மனு, தாக்கல் செய்தோம், ஏதோ ஒரு பக்கத்தில் தேதி விட்டுப்போனது என்று ரிட்டர்ன் போட்டார்கள், திருத்திக் கொடுத்தோம், நம்பர் ஆனது. சம்மன் முதல் முறை போனபோது "எதிரி ஊரில் இல்லை, வரும் நாள் தெரியவில்லை" என்று பின்பக்கம் எழுதித் திரும்பி வந்தது. அதே வாரம் அவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் சம்மன் அனுப்புகிற கட்டணமான பேட்டாவைக் கட்டினோம், இந்த முறை வேலை நடக்கிற இடத்தின் விலாசத்தையும் சேர்த்துக் கொடுத்தோம், கையிலேயே சார்வு ஆனது, அதாவது அவரிடமே நேரில் கொடுத்தார்கள். எதிர்வழக்குரை, அதாவது எதிராளியின் எழுத்துப் பதில், போட 30 நாள், மிஞ்சினால் 90 நாள் என்று சட்டம் சொல்கிறது. அவர் 90 நாளும் வாய்தா வாங்கிவிட்டு வரவில்லை, எக்ஸ்பார்ட்டி ஆனார், அதாவது அவர் இல்லாமலே வழக்கை நடத்த உத்தரவானது. தீர்ப்புக்கு முன்னால் ஓடி வந்து அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார், செலவுத் தொகை கட்டச் சொல்லி அனுமதித்தார்கள். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அது சரி என்றுதான் படுகிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த டிக்ரியை அவரால் எங்கேயும் அசைக்க முடியவில்லை. பெயிண்ட் தரமில்லை என்று சொன்னார், குறுக்கு விசாரணையில் பேரேட்டுக் கையெழுத்தைக் காட்டி "இது உங்கள் கையெழுத்தா" என்று கேட்டபோது ஆமாம் என்றார், அவ்வளவுதான். வழக்குத் தேதியிலிருந்து தீர்ப்பு வரை 9 சதவீதம், அதற்குப் பிறகு 6 சதவீதம் வட்டி, செலவுத் தொகை எல்லாம் சேர்த்து டிக்ரி. வியாபாரக் கடனில் தீர்ப்புக்குப் பிறகும் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் 34ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, ஆனால் அது பிராதிலேயே கேட்டிருக்க வேண்டும், பில்லில் வட்டி விகிதம் அச்சடித்திருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கட்டத்தில் உண்மையிலேயே பாராட்ட வேண்டியது இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் இருக்கிறது, அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது, என்ன உத்தரவு என்று எல்லாம் தெரிகிறது. எங்கள் அப்பா நிலத் தகராறு ஒன்றுக்காக அலைந்த காலத்தில் தேதி என்ன என்று தெரிந்துகொள்ளவே வக்கீல் குமாஸ்தாவைத் தேடிப் போக வேண்டும். இன்றைக்குக் கடையில் உட்கார்ந்துகொண்டே பார்த்துவிடலாம். வக்கீல் சொல்கிற தேதியும் ஆப்பில் இருக்கிற தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி நிம்மதி. குறை என்றால் சில நாள் "வாய்தா" என்று ஒரே வரி மட்டும் இருக்கும், எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்று இருக்காது.

இனி இரண்டாவது பாதி. இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டம் டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872இலேயே சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம் வந்ததுதான் நாம் இன்றைக்கும் வைத்திருக்கிற 1908ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதில் கட்டளை என்பது ஒரு அத்தியாயம் மாதிரி, 21ஆவது கட்டளை முழுக்க டிக்ரி நிறைவேற்றத்தைப் பற்றியது, நூற்றுக்கு மேற்பட்ட விதிகள், மொத்தக் கட்டளைகளிலும் இதுதான் பெரியது. டிக்ரி வந்ததும் பணம் தானாக வரும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோர்ட் உங்களைக் கூப்பிடாது. நீங்கள் டிக்ரி நகல் வாங்கி, நிறைவேற்று மனு, அதாவது இ.பி., தனியாகப் போட வேண்டும். 12 வருடம் வரை போடலாம். ஆனால் 2 வருடம் தாண்டிவிட்டால் முதலில் எதிராளிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும், அந்த நோட்டீஸ் சார்வு ஆவதற்குள் அவர் வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடுவார். அதனால் நகல் மனுவைத் தீர்ப்பு வந்த வாரமே போட்டுவிடுங்கள்.

இ.பி.யில் என்ன கேட்கிறீர்கள் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கைது கேட்கலாம், அசையும் பொருளை ஜப்தி செய்யக் கேட்கலாம், நிலத்தை ஜப்தி செய்து ஏலம் கேட்கலாம், சம்பளத்தைப் பிடிக்கக் கேட்கலாம், எதிராளிக்கு வேறொருவர் தர வேண்டிய பணத்தைப் பிடிக்கக் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் போடுவது அரெஸ்ட் இ.பி. ஆள் பயந்து பணத்தைக் கட்டிவிடுவார் என்ற நம்பிக்கை. சில சமயம் நடக்கும். ஆனால் விதியைப் படித்துப் பார்த்தால் அது எவ்வளவு குறுகலான பாதை என்று தெரியும். முதலில் ஏன் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று காரணம் கேட்டு நோட்டீஸ். அப்புறம் அவருக்குக் கொடுக்க வசதி இருக்கிறது, இருந்தும் கொடுக்காமல் இருக்கிறார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். வெறும் ஏழ்மைக்காக ஒருவரைச் சிறையில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் சொன்னது, அது எல்லா இ.பி.யிலும் எதிர்த்தரப்பு வக்கீல் வாயிலிருந்து வரும். பெண்களைப் பண டிக்ரிக்காகக் கைது செய்யவே முடியாது. அப்படியே சிறைக்குப் போனாலும் அதிகபட்சம் மூன்று மாதம், அந்த நாட்களுக்கு அவருடைய சாப்பாட்டுப் படியை நீங்கள் கட்ட வேண்டும், அவர் வெளியே வந்த பிறகும் கடன் அப்படியே இருக்கும் என்றாலும் அதே டிக்ரிக்காக மறுபடியும் கைது செய்ய முடியாது. கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர் மீது இது நல்ல ஆயுதம், கையில் ஒன்றும் இல்லாதவர் மீது பிரயோகிப்பதில் அர்த்தமே இல்லை. சட்டம் இந்த இடத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது என்று நான் மனசார நினைக்கிறேன்.

அதே மாதிரி அந்தச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. எதை எல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல்: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை, நம் ஊர் கணக்கில் தாலி, கைத்தொழில் செய்கிறவருடைய கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதை, வருங்கால வைப்பு நிதி, கூலியாளுடைய கூலி. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. அந்த ஆயிரம் இன்றைய விலைவாசிக்கு ஒன்றுமே இல்லை, அதைத் திருத்த வேண்டும். மற்றபடி, கடன் கொடுத்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன், ஒருவர் வீட்டு அடுப்பங்கரையில் கை வைத்து என் பெயிண்ட் பணத்தை எடுக்க எனக்கு விருப்பம் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். அவருடைய வீடு, கார் இரண்டும் மனைவி பெயரில். சொந்தப் பெயரில் என்ன இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க கோர்ட்டில் தனி அலுவலகம் எதுவும் இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம், ஆனால் ஊரும் சர்வே எண்ணுமோ பத்திர எண்ணோ தெரிந்தால்தான், ஆள் பெயரைக் கொடுத்துத் தமிழ்நாடு முழுக்கத் தேட முடியாது. அவரிடம் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் எங்கள் கடைக்கு வருவார், பேச்சுவாக்கில் இரண்டு விஷயம் சொன்னார்: ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்ததில் கடைசி பில் இன்னும் வரவில்லை என்று அவர் புலம்பிக்கொண்டிருக்கிறார், அப்புறம் பைபாஸ் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த மனைப்பிரிவு பெயரைப் பிடித்து, சர்வே எண்ணைப் பிடித்து, வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அது அவர் பெயரில்தான் இருந்தது.

முதலில் பள்ளிக்கூடத்து பாக்கி. 21ஆவது கட்டளையில் 46ஏ விதி. எதிராளிக்குப் பணம் தர வேண்டிய மூன்றாவது ஆளுக்கு கோர்ட் நோட்டீஸ் கொடுக்கும்: அந்தப் பணத்தை அவரிடம் கொடுக்காதே, கோர்ட்டில் கட்டு, இல்லை தர வேண்டியது இல்லை என்றால் வந்து காரணம் சொல். வந்தும் சொல்லாமல் பணமும் கட்டாமல் இருந்தால் அந்த மூன்றாவது ஆள் மீதே டிக்ரி மாதிரி நிறைவேற்றலாம். இதைக் கார்னிஷி என்பார்கள். எங்கள் வக்கீலே இதை அடிக்கடி போட்டதில்லை என்றார், ஆனால் போட்டார். இங்கேதான் கோர்ட்டின் பலத்தை நேரில் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கணக்காளர், கண்ணாடி போட்ட வயதான மனிதர், ஒரு நீல நிற அட்டை போட்ட கணக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி வந்தார். நீதிபதி கேட்டதும் பக்கத்தைப் புரட்டி, விரலை வரியின் மேல் வைத்து, "உத்தரவாதப் பிடித்தம் 1,40,000 பாக்கி இருக்குங்கய்யா, யாருக்குக் கட்டணும்னு நீங்க சொன்னா கட்டிடறோம்" என்றார். கான்ட்ராக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் வக்கீல் ஏதோ சொல்ல வாய் திறந்தார், நீதிபதி அதற்குள் கட்டச் சொல்லி உத்தரவு எழுத ஆரம்பித்துவிட்டார். டிக்ரி வந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு வராத அசல் பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு விதியில் வந்தது. கான்ட்ராக்டர், சப்ளையர், கமிஷன் ஏஜென்ட் என்று பணம் கைமாறுகிற தொழிலில் இருப்பவர் மேல் டிக்ரி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இந்த விதியை வக்கீலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மீதிக்கு மனை ஜப்தி. இதில் கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற ஊழியரான அமீனா போய் மனையில் உத்தரவை ஒட்ட வேண்டும், தண்டோரா போட வேண்டும், கோர்ட் பலகையிலும் ஒட்ட வேண்டும். எங்களுக்குக் கிடைத்த அமீனா நல்ல மனிதர், ஆனால் ஒரே ஆள் கையில் ஏகப்பட்ட கோர்ட் உத்தரவுகள், எந்த நாள் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கத்து வேலை மட்டும் நடக்கும். தண்டோரா போடுகிறவரை நாமே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. நான்கு எல்லையும் சர்வே எண்ணும் மனுவில் எழுதியது ஒன்று, களத்தில் கல் இருப்பது ஒன்று என்று ஆகிவிட்டால் திரும்ப வந்துவிடும், அதனால் முன்கூட்டியே போய் எல்லையைப் பார்த்து, புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஜப்தி உத்தரவின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வில்லங்கத்தில் ஏறியதும்தான் நிலைமை மாறியது. ஜப்திக்குப் பிறகு அவர் தனியாக யாருக்காவது அந்த மனையை விற்றாலும் நம் டிக்ரியை அது பாதிக்காது, 64ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது, அதனால் வில்லங்கம் பார்க்கிற எந்த வாங்குபவரும் பின்வாங்கிவிடுவார், வங்கியும் கடன் தராது. ஏலம் வரை போனால் இன்னும் நீளம்: விற்பனை அறிவிப்பு, விலை நிர்ணயம், ஏலம் எடுத்தவர் அன்றைக்கே கால் பங்கு, 15 நாளில் மீதி, அதற்குப் பிறகும் கடனாளி முழுத் தொகையையும் ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் 60 நாளுக்குள் கட்டி ஏலத்தை ரத்து செய்யலாம். நாங்கள் அது வரை போகவில்லை. விற்பனை அறிவிப்புக்குத் தேதி போட்டதும் அவரே ஆள் விட்டார்.

கடைக்கே வந்து, "அண்ணே, நமக்குள்ள முடிச்சுக்கலாம், கையில வாங்கிக்கங்க" என்றார். நான் கோர்ட்டிலேயே கட்டிவிடுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டேன். அவர் மீது கோபத்தில் சொன்னதில்லை. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைப் பதிவு செய்யாவிட்டால் இ.பி. கோர்ட் அதைக் கணக்கிலேயே எடுக்காது, 21ஆவது கட்டளை 2ஆம் விதி. கொடுக்கிறவருக்குத்தான் அதில் ஆபத்து அதிகம், கொடுத்த பிறகும் இ.பி. நடந்துகொண்டே இருக்கும். இரண்டு பேருக்கும் பாதுகாப்பு என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், மீதித் தொகையை கோர்ட் டெபாசிட்டில் கட்டினார்.

எனக்குப் பெரிய குறை இதற்குப் பிறகுதான். பணம் கோர்ட்டுக்கு வந்துவிட்டது, என் டிக்ரி, என் பணம், எதிராளிக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதை எடுக்கத் தனியாக ஒரு செக் மனு, அதற்கு நோட்டீஸ், அதற்கு வாய்தா, நடுவில் மே மாத விடுமுறை, விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் கோர்ட் புறக்கணிப்பு, அப்புறம் கணக்குப் பிரிவில் தொகை சரிபார்ப்பு. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பணத்தை டெபாசிட் ஆன வாரத்திலேயே டிக்ரிதாரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட இன்றைக்கு என்ன தடை இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. சிறு கடைக்காரனுக்கு அந்த மாதங்கள் வலிக்கிற மாதங்கள், ஏனென்றால் அந்தச் சரக்குக்கு ஜி.எஸ்.டி.யை நான் பில் போட்ட மாதக் கணக்கிலேயே கட்டியாயிற்று, பணம் வராமல் போனாலும் அந்த வரி திரும்ப வராது.

மேலே இருப்பவர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. இ.பி.யை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், தாண்டினால் காரணத்தை எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ராகுல் ஷா வழக்கில் உத்தரவு போட்டது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன பெரியம்மாள் வழக்கில், 1980களில் தொடங்கிய தகராறு இன்னும் நிறைவேற்றத்தில் நிற்கிறதைப் பார்த்து, எல்லா உயர் நீதிமன்றங்களும் கீழ்க் கோர்ட்டுகளில் கிடக்கிற இ.பி. கணக்கை எடுத்து ஆறு மாதத்துக்குள் முடிக்க வைக்க வேண்டும் என்று மறுபடியும் சொன்னது. அப்படி எடுத்த கணக்கில் நாடு முழுக்க 8.8 லட்சத்துக்கும் மேல் நிலுவை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் தீர்ப்பில் ஜெயித்துவிட்டு வெறுங்கையோடு இருக்கிற ஒரு குடும்பமாவது இருக்கும்.

யார் போகலாம் என்று கேட்டால், எழுத்தில் ஆதாரம் இருந்து, எதிராளிக்கு எங்கோ ஒரு சொத்தோ வரவோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் தயங்காமல் போங்கள். அவர் சொத்தை விற்று ஓடப் பார்க்கிறார் என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால் வழக்குப் போடும்போதே 38ஆவது கட்டளை 5ஆம் விதியில் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேளுங்கள், சுலபமாகக் கொடுக்க மாட்டார்கள், ஆனால் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தால் செக் வழக்குப் பாதையைத் தவறவிடாதீர்கள், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயாக வேண்டும். லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள், அங்கே எழுதுகிற ராஜியும் டிக்ரிதான், அதன் மீது அப்பீல் கிடையாது. ஒன்றும் இல்லாத ஆள் மீது கோபத்தில் வழக்குப் போட்டு வக்கீல் ஃபீஸையும் சேர்த்து இழக்க வேண்டாம்.

கோர்ட் நிர்வாகத்தில் இருக்கிற யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 21ஆவது கட்டளை 41ஆம் விதியில், கடனாளி தன் சொத்து விவரம் முழுவதையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது, அதற்கு 16ஏ என்று தனிப் படிவமே இருக்கிறது, உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். நான் மேஸ்திரி வாயிலிருந்து அதிர்ஷ்டத்தில் தெரிந்துகொண்டதை அந்த ஒரு தாள் சொல்லியிருக்கும். எங்கள் கோர்ட்டில் அதைக் கேட்டு மனுப் போட்டவர்கள் மிகக் குறைவு என்று குமாஸ்தா சொன்னார். அந்த 16ஏ படிவத்தைத் தமிழில் அச்சடித்து, பண டிக்ரி நகல் கொடுக்கிற அதே கவுன்டரில் டிக்ரியோடு சேர்த்துக் கொடுங்கள். எந்த மனுவில் கேட்க வேண்டும், எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பதையும் அதன் பின்பக்கத்தில் நான்கு வரி போட்டுவிடுங்கள்.